உண்மையைத் தேடிய எழுத்தாளர்: சரதிந்து பந்தோபாத்யாய

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, நான் நீரிழிவு பற்றியோ உயர் குருதி அமுக்கம் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றிக் கிளினிக்கில் நாள்தோறும் பேசுகிறேன். பாடசாலை மலரில் வேறொன்றை எழுத அனுமதி கேட்டேன். மறுக்காமல் தந்த குழுவினருக்கு முதலில் என் நன்றி.

1990 ஆனி மாதம் தெல்லிப்பழையை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் எவ்வளவு எண்ணெய் எரிகிறது என்று அம்மா கண்ணாலேயே அளந்துகொண்டிருப்பா. பாடப் புத்தகத்துக்கு விளக்கு உண்டு. கதைப் புத்தகத்துக்குக் கிடையாது. அதிலும் நான் வாசித்தவை தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளும் தேவனின் துப்பறியும் சாம்புவும். கொலைக் கதை வாசிக்கிற பிள்ளை உருப்படாது என்பது எங்கள் உறவினர் பலருடைய முடிவு. நிலவு வெளிச்சத்தில் முற்றத்தில் இருந்து வாசித்து முடித்த புத்தகங்கள் பல.

வைத்தியராகிப் பல ஆண்டுகள் சென்றபின், மேற்படிப்புக்காக வெளிநாட்டில் இருந்த நாள்களில் என்னோடு வேலை செய்த வங்காளி வைத்தியர் ஒருவர் ஆங்கில மொழிபெயர்ப்புப் புத்தகம் ஒன்றைத் தந்தார். பியோம்கேஷ் பக்ஷி என்பவர் துப்பறியும் கதைகள் அவை. இரவுக் கடமை முடிந்து வந்து நித்திரை கொள்ளாமல் வாசித்தேன். அன்றிலிருந்து அந்தக் கதைகளை எழுதியவருடைய வாழ்க்கையையும் தேடி அறிந்துகொண்டேன். அவரைப் பற்றியதுதான் இக்கட்டுரை. வங்கத்துச் சரத் சந்திரரை த. நா. குமாரஸ்வாமி போன்றோரின் மொழிபெயர்ப்புகளால் நம் அம்மாமாரும் அம்மம்மாமாரும் நன்கு அறிவார்கள். பெயரில் அவரை ஒத்த சரதிந்துவை நம்மில் பலர் அறியமாட்டோம்.

பிறப்பும் இளமையும்

சரதிந்து பந்தோபாத்யாய 1899 மார்ச் 30ஆந் திகதி வட இந்தியாவின் ஜவுன்பூரில், தாயாரின் பிறந்த வீட்டில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கல்கத்தாவுக்கு வடக்கேயுள்ள பராநகர். தந்தையார் தாராபூஷண், தாயார் பிஜலிபிரபா. ஆயினும் அவர் வளர்ந்தது வங்காளத்தில் அன்று, பீகாரில், கங்கைக் கரையிலுள்ள மூங்கேர் என்ற ஊரில். தாய்மொழி வழங்கும் மண்ணுக்கு வெளியே வளர்ந்தும் அந்த மொழியின் முதன்மையான எழுத்தாளர்களில் ஒருவரானார் என்பது, பிள்ளைகள் உலகெங்கும் சிதறி வாழும் நம் போன்றோருக்கு ஆறுதலான செய்தி.

1915இல் மூங்கேரில் மெட்ரிக்குலேஷன் தேறிக் கல்கத்தா சென்று வித்தியாசாகர் கல்லூரியில் சேர்ந்தார். மாணவராக இருந்தபோதே, இருபது வயதளவில், அவருடைய முதல் கவிதைத் தொகுதி வெளிவந்தது. வீட்டார் விருப்பம் சட்டம். பாட்னாவில் சட்டம் படித்து வழக்கறிஞராகத் தொழிலும் பார்த்தார். ஆனால் மனம் எழுத்திலேயே இருந்தது. 1929இல், முப்பது வயதில், வக்கீல் தொழிலை விட்டு முழுநேர எழுத்தாளரானார். குடும்பமும் பிள்ளைகளும் உள்ள ஒருவர் நிச்சயமான வருமானத்தை விட்டுவிட்டு எழுத்தை நம்பி இறங்குவது இன்றுகூட எளிதன்று.

பியோம்கேஷ் பிறந்த கதை

1932இல் அவர் துப்பறியும் கதை ஒன்று எழுதினார். பெயர் ‘பதேர் காண்டா’, அதாவது வழியில் கிடந்த முள். கல்கத்தா வீதிகளில் நடந்து செல்பவர்கள் திடீரென்று விழுந்து இறக்கிறார்கள். ஒவ்வொருவர் நெஞ்சிலும் கிராமபோன் ஊசி ஒன்று ஏறியிருக்கிறது. வெடிச் சத்தம் எதையும் எவரும் கேட்கவில்லை. கொலைக் கருவி எதுவென்று பார்த்தால், அது சைக்கிள் மணி! சைக்கிளிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தார் நாங்கள். அந்தக் கதையை வாசித்த பிறகு, பின்னால் மணியடித்து வரும் சைக்கிளுக்கு நான் சற்று விரைவாகவே வழி விட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்து ‘சீமந்த ஹீரா’ எழுதினார். இரண்டு கதைகள் ஆனதும், இந்தப் பாத்திரத்தை வைத்து ஒரு வரிசையே எழுதலாம் என்று தோன்றியது. எனவே மூன்றாவதாக ‘சத்யான்வேஷி’ கதையை எழுதி, பியோம்கேஷும் அவருடைய நண்பர் அஜித்தும் முதன்முதல் சந்தித்த வரலாற்றை அதில் சொன்னார். வாசிப்பவர்கள் இன்று முதலாவதாக வாசிப்பது இதைத்தான்.

சத்யான்வேஷி என்றால் உண்மையைத் தேடுபவர். பியோம்கேஷுக்குத் துப்பறிவாளர் என்ற பெயர் பிடிக்காது. தன்னை உண்மை தேடுபவர் என்றே சொல்லிக்கொள்வார். இந்த ஒரு சொல்லில்தான் சரதிந்துவின் முழு நோக்கமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். குற்றவாளியைப் பிடிப்பது பொலீசின் வேலை. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று அறிவது வேறொரு வேலை.

ஆங்கிலக் கதைகளின் ஷெர்லக் ஹோம்ஸும் போவாரோவும் திருமணம் செய்யாதவர்கள். பியோம்கேஷ் அப்படியல்லர். ஒரு கொலை வழக்கில் சந்தித்த சத்தியவதி என்ற பெண்ணை மணக்கிறார். குழந்தை பிறக்கிறது. ஹரிசன் வீதி மாடி வீட்டில் அஜித்தும் கூடவே இருக்கிறார். புட்டிராம் என்ற வேலையாள் தேநீர் கொண்டு வருகிறார். மனைவி கோபிக்கிறா, நண்பர் சமாதானம் செய்கிறார், சொந்தமாக வீடு கட்டக் காணி பார்க்கிறார்கள். வேட்டி கட்டிய சாதாரண நடுத்தர வீட்டுக்காரர் ஒருவர்தான் நம் துப்பறிவாளர். மேல்நாட்டுக் கதையின் அச்சை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவது அக்காலத்தில் பல இந்திய மொழிகளில் வழக்கமாக இருந்தது. சரதிந்து அப்படிச் செய்யாமல், தன் ஊர்க் குடும்பங்களின் சொத்துத் தகராறு, அண்ணன் தம்பிப் பகை, மறைத்து வைத்த காதல், கறுப்புப் பணம் என்று தான் கண்ட வாழ்விலிருந்தே குற்றங்களை எடுத்தார். ‘ஆதிம ரிப்பு’ என்ற கதை 1946இன் கல்கத்தாக் கலவரங்களைப் பின்னணியாகக் கொண்டு, இந்தியாவின் சுதந்திர நாளை ஒட்டி முடிகிறது. மர்மத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் சமூகக் கதையாக இவை நிற்கவேண்டும் என்பது அவர் எண்ணம்.

பம்பாயும் பதினைந்து ஆண்டு மௌனமும்

1936க்குப் பிறகு பியோம்கேஷ் கதைகள் நின்றுபோயின. 1938இல் பம்பாய் டாக்கீஸ் நிறுவனத்தின் ஹிமான்ஷு ராய் அழைப்பில் சரதிந்து பம்பாய்க்குச் சென்று திரைக்கதைகள் எழுதினார். வருமானம் கிடைத்தது; எழுத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. 1952 வரை சினிமாத் தொடர்பு இருந்தது. பின்னர் அதையும் விட்டு, பூனாவில் குடியேறி, எழுத்தை மட்டுமே தொழிலாகக் கொண்டார். முப்பது வயதில் ஒருமுறை விட்டவர், ஐம்பதைத் தாண்டி இரண்டாம் முறையும் விட்டார்.

அதற்கிடையில், கல்கத்தா வீடுகளில் பிள்ளைகள் இன்னும் பியோம்கேஷைக் கேட்கிறார்கள் என்பதை அவர் அறிந்தார். 1951இல் ‘சித்ரசோர்’ கதையுடன் பியோம்கேஷ் திரும்பி வந்தார். அதன்பின் இறக்கும்வரை நிறுத்தவில்லை. முழுமையாக முடிந்த கதைகள் 32. முப்பத்துமூன்றாவதான ‘பிசுபால் வதம்’ முடியாமல் நின்றது.

பியோம்கேஷ் மட்டுமே அவர் எழுத்து என்று எண்ணிவிடக் கூடாது. வரதா என்ற பாத்திரத்தை வைத்துப் பேய்க் கதைகள் எழுதினார். சிவாஜி மன்னர் காலத்துச் சிறுவன் சதாசிவனை வைத்துச் சிறுவர் கதைகள் எழுதினார். பண்டைய இந்திய வரலாற்றை வைத்துக் ‘காலேர் மந்திரா’, ‘கௌட்மல்லார்’ முதலிய நாவல்களைப் படைத்தார்.

ஒரு வைத்தியரின் வாசிப்பு

இங்கே தொழில் சார்ந்து சில வார்த்தைகள். சரதிந்துவின் கதைகளில் மருத்துவம் நிறையவே வருகிறது. நம்மவர்களுக்கு அதில் பெருமைப்பட அதிகமில்லை. அவருடைய வில்லர்களில் வைத்தியர்களும் உண்டு. எந்தக் கதைகளில் என்று சொல்லி உங்கள் வாசிப்பைக் கெடுக்கமாட்டேன்.

‘சஜாரூர் காண்டா’ என்ற கதையில் முள்ளம்பன்றி முள்ளை முதுகுப்புறமாக இதயத்தில் ஏற்றிக் கொலைகள் நடக்கின்றன. ஒருவர் மட்டும் பிழைத்துக்கொள்கிறார், அவருடைய இதயம் வலப்பக்கத்தில் இருந்தபடியால். இது கற்பனை அல்ல. பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில் பிறவியிலேயே இதயம் வலப்பக்கம் அமைவதுண்டு. நான் பயிற்சி வைத்தியராக இருந்தபோது ஒரு முதியவருடைய ஈசீஜி விசித்திரமாக வந்தது. வயர்களைக் கைமாறிப் பூட்டிவிட்டேன் என்று நினைத்து மூன்று தரம் திரும்ப எடுத்தேன். அவரோ பொறுமையாகப் படுத்திருந்து, தனக்கு இதயம் மற்றப் பக்கம் என்று கடைசியில் தானே சொன்னார். முதலிலேயே அவரைக் கேட்டிருக்கலாம்!

‘சிடியாகானா’ கதையில் உயர் குருதி அமுக்கம் உள்ள ஒருவரைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொல்கிறார்கள். மூளையில் குருதிக் குழாய் வெடித்து இறந்தவர்போல் அது தோன்றும். இன்னொருவருக்குக் காதில் விடும் மருந்தில் நிக்கொட்டின் கலக்கப்படுகிறது. இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கதையின் பயங்கரம் அதற்குக் காரணமல்ல, என்னுடைய பழைய பிழை ஒன்று நினைவுக்கு வந்தது.

வைத்தியராகச் சேர்ந்த புதிதில், தோட்ட வேலை செய்யும் பெண் ஒருவர் வாந்தி, தலைச்சுற்று, வியர்வை என்று காலையில் வந்தார். வயிற்றுப் புண் என்று மருந்து கொடுத்து அனுப்பினேன். பத்து நாளில் மறுபடி வந்தார். மறுபடியும் அதே மருந்து. மூன்றாம் தரம் வந்தபோது கூடவந்த மகள்தான், அம்மா புகையிலை வெட்டப் போகும் நாள்களில் மட்டும் இப்படி ஆகிறது என்றாள். பனியில் நனைந்த பச்சைப் புகையிலையைக் கையிலும் தோளிலும் சுமக்கும்போது, ஈரத்தில் கரைந்த நிக்கொட்டின் தோல் வழியாக உடலுக்குள் செல்லும். புத்தகத்தில் படித்திருந்தேன். புகையிலை விளையும் மண்ணிலேயே பிறந்தும் வளர்ந்தும் இருந்தேன். ஆனால் அவர் என்ன வேலை செய்கிறார் என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. நீண்ட கைச் சட்டை அணிந்து, பனி காய்ந்தபின் வேலைக்குப் போகும்படி சொன்னோம். அத்தோடு சுகமானார்.

பியோம்கேஷ் அப்படிக் கேட்காமல் விடமாட்டார். வீட்டில் யார் யார், எத்தனை மணிக்குச் சாப்பாடு, எந்தக் கதவு பூட்டியிருந்தது என்று அற்பமாகத் தோன்றுவதையெல்லாம் கேட்பார். வேலையாளையும் சிறுபிள்ளையையும் கேட்பார். அவர்கள் சொல்வதை நடுவில் மறிக்காமல் கேட்பார். கைதேர்ந்த வைத்தியரின் முறையும் இதுவே. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கொனன் டொயிலும் ஒரு வைத்தியர்தான். எடின்பரோவில் தனக்குக் கற்பித்த ஜோசப் பெல் என்ற வைத்தியரை மனதில் வைத்தே ஹோம்ஸை உருவாக்கினார். துப்பறிவும் நோயறிவும் ஒரு தாய் பிள்ளைகள்.

1967: கிடைத்த அங்கீகாரம்

மர்மக் கதை எழுதுபவரைப் பெரிய இலக்கியவாதிகள் தங்கள் பந்தியில் இருத்துவதில்லை. இது வங்காளத்தில் மட்டும் உள்ள வழக்கமன்று. தமிழிலும் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் நாவல்களை ஆயிரக்கணக்கானோர் வாசித்தார்கள்; இலக்கிய வரலாறுகள் அவர்களுக்கு ஒரு பந்தியோடு முடித்துக்கொண்டன.

மேற்கு வங்க அரசு, தாகூரின் பெயரால் ரவீந்திர புரஸ்கார் என்ற பரிசை 1950 முதல் சிறந்த வங்காள நூல்களுக்கு வழங்கி வருகிறது. அம்மாநிலத்தின் மிக உயர்ந்த இலக்கியப் பரிசு அது. 1967இல் அப்பரிசு சரதிந்துவுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு 68 வயது. பரிசு பெற்ற நூல் பியோம்கேஷ் கதை அன்று. 1965இல் வெளிவந்த ‘துங்கபத்ரார் தீரே’ என்ற வரலாற்று நாவல்.

துங்கபத்திரைக் கரையில் என்று பொருள்படும் அந்த நாவலின் களம் நமக்கு அந்நியமானதன்று. பதினைந்தாம் நூற்றாண்டின் விஜயநகரம். மன்னன் இரண்டாம் தேவராயன். இலங்கையிலிருந்தும் இவன் திறை பெற்றதாகப் பிற்காலத்துப் போர்த்துக்கேயர் நூனிஸ் குறித்திருக்கிறார். அம்மன்னனுக்கு மணப்பெண்ணாகக் கலிங்கத்து இளவரசி வித்யுன்மாலா ஆற்று வழியே படகில் வருகிறாள். நீரிலிருந்து காப்பாற்றப்பட்ட அர்ஜுனவர்மன் என்ற வீரனிடம் அவள் மனம் செல்கிறது. அரச கடமைக்கும் மனதின் விருப்பத்துக்கும் இடையில் நிற்கும் பெண்ணின் கதை அது. நம் கல்கியின் வரலாற்று நாவல்களில் ஊறியவர்கள் இதை ஒரே மூச்சில் வாசித்துவிடுவார்கள்.

பரிசு வரலாற்று நாவலுக்குத்தானே, மர்மக் கதைக்கு அல்லவே என்று சிலர் சொல்லக்கூடும். நானும் முதலில் அப்படி நினைத்து வருந்தினேன். பின்னர் அந்த நாவலை வாசித்தபோது வருத்தம் குறைந்தது. எந்தச் செய்தியை எப்போது சொல்வது, எதை மறைத்து வைப்பது, வாசிப்பவரை எந்த இடத்தில் காத்திருக்க வைப்பது என்பதெல்லாம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பியோம்கேஷ் கதைகளில் அவர் பழகிய கைவேலை. நடுவர்கள் அறிந்தோ அறியாமலோ அந்தக் கைக்கும் சேர்த்தே பரிசளித்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. அதே 1967இல் ‘சிடியாகானா’ கதையை சத்யஜித் ராய் படமாக்கினார். உத்தம்குமார் பியோம்கேஷாக நடித்தார். அவ்வாண்டுப் படங்களுக்கான இந்திய தேசிய விருதுகளில் சிறந்த இயக்குநர் விருது இப்படத்துக்காக ராய்க்குக் கிடைத்தது. உத்தம்குமாருக்கும், இந்தப் படத்தோடு இன்னொரு படத்தையும் சேர்த்து, சிறந்த நடிகர் விருது கிடைத்தது. இலக்கியப் பரிசு முன்வாசலால் கொடுக்காமல் விட்ட இடம், சினிமாவின் பக்கத்து வாசலால் மர்மக் கதைக்கும் கிடைத்துவிட்டது. கொனன் டொயிலும் தன் வரலாற்று நாவல்களையே உயர்வாக எண்ணினார். உலகமோ ஹோம்ஸை மட்டும் வைத்துக்கொண்டது. சரதிந்து இந்த வகையில் அதிர்ஷ்டசாலி. வங்க வாசகர் இரண்டையும் வைத்துக்கொண்டனர். கல்கத்தாப் பல்கலைக்கழகமும் சரத் சந்திரர் நினைவுப் பரிசை அளித்து அவரைக் கௌரவித்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1970 செப்ரெம்பர் 22ஆந் திகதி சரதிந்து காலமானார். அப்போதும் ஒரு பியோம்கேஷ் கதை பாதியில் இருந்தது.

1993இல் பாசு சாட்டர்ஜி இயக்கத்தில் தூரதர்ஷன் பியோம்கேஷைத் தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பியபோது இந்தியா முழுவதும் பார்த்தது. கடலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தோம். அதனால்தான் எனக்கு அவரைச் சந்திக்க இவ்வளவு காலம் எடுத்தது.

இன்றைய மாணவிகளுக்கு

தெல்லிப்பழைக்குத் திரும்பி வந்து எங்கள் வளவைப் பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. என் புத்தகங்கள் இருந்த அறைக்குள் மரம் முளைத்திருந்தது. அம்மா கிணற்றடியைப் பார்த்து அழுதா. நான் அந்த அறையைப் பார்த்து நின்றேன். அதைக் கவனித்த அம்மா, மண்ணெண்ணெய் மிச்சம் பிடித்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் தோளில் கை வைத்தா. மன்னிப்பு எதற்கு? அந்த எண்ணெயில்தான் நான் பரீட்சைக்குப் படித்தேன். இருவருமே சரியாகத்தான் இருந்தோம்.

இப்போது எங்கள் பாடசாலை நூலகத்தில் வெளிச்சம் இருக்கிறது. அங்கே ஓர் அலுமாரித் தட்டைத் துப்பறியும் கதைகளுக்கென்று ஒதுக்கும்படி அதிபரிடமும் சங்கத்தாரிடமும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். முதல் தவணையாக, சரதிந்துவின் ஆங்கில மொழிபெயர்ப்பு நூல்களையும் தேவனின் சாம்புவையும் நானே கொண்டுவந்து தருவேன். உயர்தரம் படிக்கும் மாணவி ஒருத்தி அவற்றில் ஒன்றைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்து வாசிப்பதைக் கண்டால், ஆசிரியைமார் தயவுசெய்து அந்த ஒரு அத்தியாயம் முடியும்வரை பொறுத்திருங்கள்.